பலகை விளையாட்டை அச்சுக்கு அனுப்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் சொந்தமாக ஒரு பலகை விளையாட்டை உருவாக்க முனைவோர் பொருளிழப்பதற்குத் தலையாய காரணம், ஆட்டம் முழுமை பெறும் முன்பே அச்சகத்தின் படியேறிவிடுவதுதான். ஓவியங்கள் தயாராகிவிட்டால், அவற்றுக்குச் செலவழித்த பணத்தை எண்ணி, சலிப்பூட்டும் ஒரு விதியைக்கூட நீக்க மனம் வராது. கையால் எழுதிய சீட்டுகளையும் சோழிகளையும் வைத்து ஆடும்போதே "இன்னொரு ஆட்டம் போடலாம்" என்று சொல்லவைக்காத விளையாட்டை வண்ணப் பெட்டி காப்பாற்றாது.

வீட்டாரை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பதும் போதாது. அவர்கள் அன்பினால் பாராட்டுவார்கள். நீங்களும் பக்கத்திலிருந்து சந்தேகங்களைத் தீர்த்துவைப்பீர்கள். ஆனால் விற்ற பெட்டியோடு நீங்களும் போக முடியாது. ஆகவே முன்பின் அறியாத சிலரிடம் விதிப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் தவறாக ஆடினாலும் குறுக்கிடாமல், எந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள், யார் எப்போது கைபேசியை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தைப் போல இரு தரப்புக்கும் வெவ்வேறு பலம் இருக்குமானால், ஆடுவோரைத் தரப்பு மாற்றி ஆடவைத்து, எந்தத் தரப்பு எத்தனை முறை வெல்கிறது என்று எழுதிவைப்பது கட்டாயம்.

அச்சில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அட்டையின் மேல்பக்கம் மட்டும் படத்தை ஒட்டி லேமினேஷன் செய்தால், மூடப்பட்ட பக்கத்தில் ஈரம் ஏறாது. திறந்திருக்கும் அடிப்பக்கமோ கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றை உறிஞ்சி விரியும். ஐப்பசி மழை தொடங்கியதும் பலகையின் ஓரங்கள் மேலெழும்பி, காய்கள் சறுக்கத் தொடங்கும். இரு பக்கமும் தாள் ஒட்டச் சொல்வதும், ஒட்டும் தாள்களின் நார் ஒரே திசையில் ஓடுகிறதா என்று பார்ப்பதும் செலவைச் சற்றுக் கூட்டினாலும் தவிர்க்கக் கூடாதவை. சிவகாசியில் அச்சிட்டாலும் சரி, ராயப்பேட்டையில் அச்சிட்டாலும் சரி, ஒரு மாதிரிப் பலகையைச் சில வாரங்கள் திறந்த அறையில் வைத்துப் பார்த்த பிறகே மொத்த ஆர்டரைக் கொடுங்கள். சீட்டுகளின் பின்பக்கத்தில் நிறம் சிறிது மாறினாலும் மறைத்துவைத்த சீட்டு எது என்று தெரிந்துவிடும் என்பதால், ஒரு கட்டுக்கான சீட்டுகள் அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் அச்சிட வேண்டும்.

அடக்க விலைக்குமேல் சிறு லாபம் வைத்து விலை குறிப்பவர்கள், கடைக்காரரின் கழிவையும் கூரியர் செலவையும் மறந்துவிடுகிறார்கள்.

விதிகளுக்குக் காப்புரிமை வாங்கலாம் என்று காத்திருப்பதும் வீண். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(எம்)இல், விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. பெயர்தான் காக்கத்தக்கது. 2008இல், ஸ்க்ராபிள் என்ற சொல் விளையாட்டைப் பின்பற்றிய 'ஸ்க்ராபுலஸ்' என்னும் இணைய விளையாட்டின் மீதான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஸ்க்ராபிள் பலகைக்குப் பதிப்புரிமை கோரிய வாதத்தை ஏற்காமல், வணிகச் சின்னத்தின் அடிப்படையில் 'ஸ்க்ராபுலஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எனவே பெட்டியை வடிவமைக்கும் முன்பே வணிகச் சின்னப் பதிவில் விளையாட்டுப் பொருள்களுக்கான 28ஆம் வகுப்பில் பெயரைத் தேடிப் பாருங்கள். வணிகச் சின்னப் பதிவு அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது.

14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குழந்தைகளுக்காகவே உருவாக்கிய ஆட்டத்தின் பெட்டியில் "14 வயதுக்கு மேல்" என்று அச்சிடுவதால் இந்தக் கடமை தீராது. ஆகவே சான்றிதழுக்கான செலவையும் காலத்தையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.