டிசிஎம் கழற்றுவதற்கு முன் கப்ளரைப் பாருங்கள்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஓடுகிற ஆட்டோமேட்டிக் காரில் கியர் விளக்கு எரிந்தால், டிசிஎம் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் கப்ளர் (வயர்கட்டை டிசிஎம்மோடு இணைக்கும் செருகி) பின்களைத்தான் முதலில் தின்னும்.

முதலில் ஸ்கேனர் போட்டு, அது காட்டும் கோளாறு எண்களைக் (கோட்) குறித்துக்கொள்ளுங்கள். பி0700 என்பது கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு என்கிற தகவல் மட்டும். எந்தக் கோளாறு என்பதை டிசிஎம்மிலிருந்தே படிக்க வேண்டும். யு0101 வந்தால் வண்டியின் மற்ற மாட்யூல்களுக்கு (கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) டிசிஎம்மின் பேச்சு எட்டவில்லை என்று பொருள். ஃபியூஸ், எர்த், கப்ளர் மூன்றையும் பார்த்த பிறகுதான் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டயருக்குக் கல் வையுங்கள். தள்ள வேண்டியிருக்கும் என்றால் இப்போதே நியூட்ரலில் போடுங்கள். பேட்டரி கழன்றபின் பல வண்டிகளில் கியர் லீவர் பார்க்கிங்கிலேயே பூட்டிக்கொள்ளும். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் வகை) என்றால் எந்த கியரில் இருந்ததோ அதிலேயே நிற்கும். சாவியை எடுத்துவிட்டு, பத்து நம்பர் ஸ்பேனரால் பேட்டரி நெகடிவைக் கழற்றி 15 நிமிடம் விடுங்கள்.

இந்த நேரத்தில் மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் வயர்களுக்கு ஒரு சோதனை: ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனரைச் செருகும் இடம்) 6, 14ஆம் பின்களுக்கு இடையே மீட்டரில் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் அந்த வயர்களின் ஒரு முனை துண்டிப்பு. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஷார்ட். கேட்வே (சாக்கெட்டுக்கும் மாட்யூல்களுக்கும் நடுவே நிற்கும் மாட்யூல்) உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

பெட்டி பேட்டரி தட்டின் பக்கத்திலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ இருக்கும். பின்னதாக இருந்தால் மஞ்சள் கப்ளரைத் தொடாதீர்கள், அது ஏர்பேக் வயர். கியர்பாக்ஸ் ஆயிலுக்குள் இருக்கும் வகை வீட்டில் கழற்றுவதற்கில்லை.

கப்ளர் லாக்கைத் தள்ளி, கப்ளரில் உள்ள சிறு லீவரை முழுதாகத் தூக்கினால் கப்ளர் தானே வெளியேறும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். உப்பு பிடித்து இறுகியிருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சற்றுப் பொறுத்து லீவரை மெதுவாக அசையுங்கள். அலுமினிய பிராக்கெட்டில் பிடித்துக்கொண்ட சிறு போல்ட்டை முறுக்கி உடைக்காமல், துரு இளக்கும் ஸ்பிரே போட்டுக் காத்திருங்கள்.

பின்களை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். உப்பை எடுக்க உப்புத்தாள் வேண்டாம்! பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் இன்னும் மோசமாக அரிக்கும். வரிசையில் ஒரு பின் மட்டும் உள்வாங்கியிருந்தால், குழியில் வண்டி குலுங்கும்போது மட்டும் வருகிற கோளாறுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நன்றாக உலர்ந்தபின் ரப்பர் சீலில் மட்டும் மெல்லிய சிலிகான் கிரீஸ் தடவி மாட்டுங்கள், பேட்டரி கடைசி. பழைய சாமான் கடைப் பெட்டி என்றால் நம்பர் ஒத்தாலும் வண்டிக்கேற்ற கோடிங் (மென்பொருள் அமைப்பு) வேண்டும். ஏஎம்டியில் ஸ்கேனர் வழியாக கிளட்ச் லேர்னிங்கும் (கிளட்ச் பிடிக்கும் இடத்தை டிசிஎம்முக்குப் பழக்குவது) முடிக்காவிட்டால் வண்டி உதறும். மூடுவதற்கு முன், வயர்கட்டு கப்ளருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறுகிறதா என்று பாருங்கள். வயரில் வழிகிற மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.