மூச்சு முட்டுகிறது, டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்கிறார்களா? இப்படிச் செய்து பாருங்கள்

எங்கள் அக்கா மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் ஒரு ராத்திரி, கடையைச் சாத்திவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு பாதியிலேயே நின்றுவிடுவது போல இருந்திருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை, கொட்டாவி மேல் கொட்டாவி, நான் போய்ப் பார்த்தபோது விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருதயம் என்றே பயந்தோம். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் அது மனப்பதற்றம் என்று தெரிந்தது.

முதல் வேலை, டாக்டரிடம் போவது. இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ஆஸ்துமா, இரத்தச்சோகை, தைராய்டு, இருதயக் கோளாறு, நுரையீரலில் இரத்தக்கட்டி எல்லாமே மூச்சுத்திணறலாகத்தான் தெரியும், புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். நெஞ்சுவலி, உதடு நீலமாவது, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது, ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாத அளவு இரைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 999. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம், அதனால் வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். அக்கா கடன் எழுதும் 555 நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். அரிசி மூட்டை தூக்கும்போது ஒரு நாளும் வரவில்லை. மொத்த வியாபாரி பணம் கேட்டு வரும் நாளுக்கு முந்தின ராத்திரி தவறாமல் வந்தது. இதை வைத்து நாமே முடிவு கட்டக்கூடாதுதான், ஆனால் டாக்டருக்கு அந்த நோட்டு ரொம்ப உதவியது.

சரி, மூச்சு முட்டும்போது என்ன செய்வது? உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பயத்தில் நாம் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறோம், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, அதனால்தான் தலை சுற்றி, விரலும் உதட்டோரமும் மரமரக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் காற்று பற்றவில்லை என்றே தோன்றும், உடனே இன்னும் பலமாக இழுப்போம், இன்னும் முட்டும். அதனால் இழுப்பதை விடுங்கள், வெளியே விடுவதைப் பழகுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மெதுவாக, 4 எண்ணும் வரை உள்ளே இழுங்கள். பெரிய மூச்சு வேண்டாம், வயிறு கையை லேசாகத் தள்ளினால் போதும். பிறகு சூடான தேநீரை ஊதுவது போல உதட்டைக் குவித்து, 6 எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம். 4, 6 கஷ்டமாக இருந்தால் 2, 3 என்று ஆரம்பிக்கலாம். நன்றாக இருக்கும்போதே காலையும் மாலையும் பழக வேண்டும், முட்டும்போது மட்டும் செய்தால் கைகொடுக்காது. காகிதப் பையை வாயில் வைத்து ஊதச் சொல்வார்கள், செய்யாதீர்கள். உண்மையில் ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பதும் பதற்றத்தைத்தான் வளர்க்கும்.

வாரக்கணக்கில் நீடித்தாலோ தூக்கம், வேலை கெட்டாலோ மறுபடி கிளினிக்குக்குப் போய் மனநல ஆலோசனை கேளுங்கள். பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுமே பலன் தரும். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. "எல்லாம் உன் நினைப்புதான்" என்று சொல்லாதீர்கள், அந்த முட்டல் நிஜம். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மூச்சை வெளியே விடும்போது நீங்கள் வாய்விட்டு ஆறு வரை எண்ணுங்கள்.