ரஷ் இசைக்குழுவின் சிந்தசைசர் காலத்தைக் கேட்கும் முறை

கனடாவின் ரஷ் என்ற ராக் இசைக்குழு 1980களில் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி) பக்கம் சாய்ந்ததை ரசிகர்களில் ஒரு சாரார் வளர்ச்சி என்றும், மறு சாரார் இழப்பு என்றும் கருதினர். இவ்விரு தீர்ப்புகளையும் ஒதுக்கிவிட்டு ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதலில் 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’. அதில் சிந்தசைசர் ஒலி முக்கியமானதுதான் என்றாலும், பாடல்களைத் தாங்குவது அலெக்ஸ் லைஃப்சனின் கிடார்தான். அடுத்த ஆண்டின் ‘சிக்னல்ஸ்’ ஆல்பத்தில் இந்த உறவு மாறுகிறது. அதன் முதல் பாடலான ‘சப்டிவிஷன்ஸ்’ சிந்தசைசரில் தொடங்குகிறது. கிடார் பின்னணிக்கு நகர்கிறது. லைஃப்சனே இந்த ஒலிக்கலவை குறித்து அதிருப்தி தெரிவித்திருக்கிறார் என்பதால், ரசிகர்களின் மனக்குறையை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

இப்பாடலை ஹெட்ஃபோனில் இருமுறை கேளுங்கள்: முதல்முறை கிடாரை மட்டும் பின்தொடருங்கள், மறுமுறை நீல் பியர்ட்டின் டிரம்ஸைக் கவனியுங்கள். தாள அமைப்பின் சிக்கலான தன்மை சற்றும் குறையவில்லை என்பது அப்போது புலப்படும். பிறகு மேடைப் பதிவொன்றைப் பாருங்கள். கெடி லீ பாடிக்கொண்டே கீபோர்டையும் பேஸ் கிடாரையும் மாறி மாறி வாசிப்பதோடு, காலால் பெடல்களையும் இயக்குகிறார். மூவர் மட்டுமே கொண்ட குழு இத்தனை ஒலி அடுக்குகளை மேடையில் எழுப்பியது வியக்கத்தக்க உழைப்பு.

‘பவர் விண்டோஸ்’ (1985) இப்போக்கின் உச்சம் என்பது என் கருத்து. கிடார் மீண்டும் முன்னிலை பெறும் ‘கவுண்டர்பார்ட்ஸ்’ (1993) ஆல்பத்தை இறுதியில் கேளுங்கள்.