வட்டாரத்திலிருந்து பாராளுமன்றம் வரை: வன்னியின் உள்ளூராட்சி உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரதேச சபைக்குத் தெரிவான ஒருவர் அடுத்ததாக மாகாண சபை, அதன்பின் பாராளுமன்றம் என்று படிப்படியாக உயரலாம் எனக் கணக்குப் போடுவது இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வழக்கமாக இருக்கிறது. அந்த ஏணியின் நடுப்படி இன்று இல்லை. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் தேர்தல் நடைபெறவில்லை. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமலே இயங்கின. எனவே மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்படட்டும், அப்போது ஊர்களுக்குப் போகலாம் என்று காத்திருப்பதே முதல் தவறு. 2013 இல் முல்லைத்தீவிலிருந்து மாகாண சபைக்குத் தெரிவான துரைராசா ரவிகரன் 2024 இல் வன்னியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். சபையே இல்லாத இடைப்பட்ட ஆண்டுகளிலும் முல்லைத்தீவுக் கரையோரத்தின் காணி, கடற்றொழில் பிரச்சினைகளில் அவருடைய பெயர் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த தவறு கணக்கில் நேர்வது, அதுவே பலரைத் தோற்கடிக்கிறது. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு வட்டாரத்தில் பெரும்பாலும் ஒரு கட்சிக்கு ஒரு வேட்பாளர்தான். அயலவர்களும் உறவினர்களும் சேர்ந்தால் சில நூறு வாக்குகளில் வென்றுவிடலாம். பாராளுமன்றத் தேர்தலில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்களே உள்ளன. ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர் நிற்கிறார்கள். ஐந்து வீதத்துக்குக் குறைந்த வாக்குகள் பெற்ற பட்டியல்கள் முதலில் விலக்கப்படும். முன்னிற்கும் பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, எஞ்சிய ஐந்தே வாக்கு விகிதப்படி பிரிக்கப்படும். 2024 இல் தேசிய மக்கள் சக்தி இரண்டு ஆசனங்களைப் பெற, மற்ற நான்கும் நான்கு வெவ்வேறு பட்டியல்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்றன. ஓர் ஆசனம் மட்டும் கிடைத்த பட்டியலில் ஒன்பது பேரில் விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் உள்ள ஒரு வேட்பாளருக்கென இடும் வாக்கு, அதிகம் பெற்ற ஒருவரே உள்ளே போகிறார். ஆகவே போட்டி எதிர்க்கட்சியோடு மட்டுமன்றித் தன் பட்டியலில் உள்ளவர்களோடும்தான் என்பதை வேட்புமனுவில் கையெழுத்திடும் முன்பே உணர வேண்டும். தன் ஊரில் மட்டும் செல்வாக்குள்ளவர் மன்னாரின் முசலியிலும் வவுனியாவின் நெடுங்கேணியிலும் முல்லைத்தீவின் கொக்கிளாயிலும் யாருக்கும் தெரியாதவராக இருப்பார். வாக்காளர் மூன்று விருப்பு வாக்குகள் வரை இடலாம் என்பதால், "எனக்கு மட்டும் போடுங்கள்" என்று கேட்பதைவிட, மற்ற மாவட்டத்தில் நிற்கும் சக வேட்பாளரோடு ஆதரவைப் பகிர்ந்துகொள்வதே பயன்தரும் என்பது என் கருத்து. பட்டியலில் தனக்குரிய விருப்பு இலக்கத்தை மட்டும் ஊரெங்கும் ஒட்டிவிட்டு, முதலில் கட்சியின் சின்னத்துக்கு எதிரே புள்ளடியிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. கட்சிக்கு வாக்களிக்காமல் இலக்கத்தை மட்டும் அடையாளமிட்ட சீட்டு நிராகரிக்கப்படும்.

கிளிநொச்சி உறுப்பினர்களுக்கு இதில் இன்னுமொரு சிக்கல் இருக்கிறது. கரைச்சியும் பூநகரியும் வன்னி மண்தான். ஆயினும் பாராளுமன்றத் தேர்தலில் அவை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாகாண சபைத் தேர்தலில் கிளிநொச்சிக்கெனத் தனியாக நான்கு ஆசனங்கள் இருந்தன. அந்த அனுபவத்தை வைத்துப் பாராளுமன்றத்தை அளந்தால், குடாநாட்டின் பெருந்தொகை வாக்குகள் கணக்கில் விடுபட்டுவிடும்.

என்னை மிகவும் வருத்துவது, அதிகாரம் இல்லாத விடயங்களில் வாக்குறுதி கொடுப்பது. பிரதேச சபையின் கையில் இருப்பவை உள்வீதிகள், வீதி விளக்குகள், சந்தை, பொதுச் சுகாதாரம், கழிவகற்றல் போன்றவை. 200 ஏக்கருக்குக் குறைந்த வயல்களுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலும் உள்ளன. யானை வேலிக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தையும், காட்டு நிலமென எல்லைக்கல் நடப்பட்ட காணிக்கு வனவளத் திணைக்களத்தையும் பிரதேச செயலகத்தையும் அணுக வேண்டும். தான் செய்துதருவதாகச் சொன்ன உறுப்பினர் இரண்டு ஆண்டுகள் கழித்து "அது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்றால், மீள்குடியேறி இன்னும் உறுதிப்பத்திரம் கிடைக்காத ஒரு குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்கும்? எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்து, மக்களோடு சேர்ந்து அங்கே போய், கடிதத்தின் பிரதியைக் கோவையில் வைத்து மறுமாதமும் விசாரிப்பவரைக் கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் நினைவில் வைத்திருக்கின்றன.

மேல்பதவிக்கு ஆசைப்பட்ட நாளிலிருந்து மாதாந்த அமர்வுக்கு வராமல் கட்சித் தலைமையின் பின்னால் திரிவதும் தவறே. வட்டாரத்தில் செப்பனிடாமல் விட்ட ஒழுங்கை பிரசார மேடையில் எதிராளியின் முதல் கேள்வியாக வரும். கட்சியோடு முரண்பட்டு உறுப்புரிமையை இழந்தால் கையிலிருக்கும் பதவியும் போகலாம் என்பதால், பட்டியலில் இடம் கிடைக்காத கோபத்தில் முடிவெடுக்கக் கூடாது.

இறுதியாகச் செலவுக் கணக்கு. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவு வெளியான 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும், தோற்றவர் உட்பட, வரவு செலவு விவரத்தை ஒப்படைக்க வேண்டும். தோற்ற மனவருத்தத்தில் இதை விட்டுவிட்டால் நீதிமன்றம் ஏற நேரிடும். எனவே பதாகைக்கும் வாகனத்துக்கும் கொடுத்த பணத்துக்கான பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.