டியூ டேட் நீங்களே கணக்கு போடலாம், வாரத்தையும் குழப்பம் இல்லாம எண்ணலாம்

டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்ததும் எல்லாரும் முதல்ல கேக்குறது குழந்தை எப்போ பிறக்கும்னுதான். அந்தத் தேதிய நீங்களே கணக்கு போட்டுடலாம், ஒரு காலண்டர் போதும்.

ஸ்டெப் 1: எல்எம்பி எழுதி வைங்க

எல்எம்பின்னா கடைசியா வந்த பீரியட்ஸோட முதல் நாள். முடிஞ்ச நாள் இல்ல, முதல் நாள், நிறைய பேர் இங்கதான் மாத்தி சொல்லிடுறாங்க. கர்ப்பத்தோட கணக்கு அன்னைலேர்ந்து ஆரம்பிக்கும், கரு உருவான நாள்லேர்ந்து இல்ல. அதனாலதான் நாள் தள்ளிப்போய் டெஸ்ட் பண்ணின உடனே டாக்டர் நாலு வாரம், அஞ்சு வாரம்னு சொல்வாங்க, அந்த முதல் ரெண்டு வாரம் வயித்துல கருவே இருந்திருக்காது. விந்தையா இருக்கும், ஆனா உலகம் பூரா இப்படித்தான் எண்ணுறாங்க, ஏன்னா கரு உருவான நாள் பெரும்பாலும் யாருக்கும் சரியா தெரியாது, பீரியட்ஸ் வந்த நாள் தெரியும்.

ஸ்டெப் 2: 280 நாள் கூட்டுங்க

40 வாரம், அதாவது 280 நாள். எல்எம்பி 2025 மார்ச் 10ன்னு வைங்க, 280 நாள் கூட்டினா டிசம்பர் 15. அவ்ளோ நாள் எண்ண பொறுமை இல்லேன்னா ஒரு பழைய குறுக்கு வழி இருக்கு, நேகெலேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் பேர்ல சொல்றது: மூணு மாசம் பின்னாடி போயி ஏழு நாள் கூட்டி வருஷத்தை ஒண்ணு ஏத்திடணும். மார்ச் 10லேர்ந்து மூணு மாசம் பின்னாடி 2024 டிசம்பர் 10, ஏழு கூட்டினா 17, வருஷம் 2025. ஆப் 15ன்னு காட்டுது கைக்கணக்கு 17ன்னு வருதேன்னு பயப்படாதீங்க, மாசத்துக்கு மாசம் நாள் எண்ணிக்கை மாறுறதால வர்ற வித்தியாசம்தான், ரெண்டுல எதுவும் தப்பில்ல.

இந்தக் கணக்கு 28 நாள் சைக்கிள் உள்ளவங்களுக்கு. உங்களுக்கு ரெகுலரா 35 நாளைக்கு ஒரு தடவைதான் வரும்னா கருமுட்டை வெளியாகுறதும் ஏறக்குறைய ஏழு நாள் தள்ளித்தான் நடக்கும், அதனால ஏழு நாள் சேர்த்துக்கோங்க, டிசம்பர் 22. 26 நாள் சைக்கிள்னா ரெண்டு நாள் குறைச்சுக்கோங்க. ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் முறை) பண்ணினவங்களுக்கு இந்த யூகமே வேண்டாம், அஞ்சாம் நாள் எம்பிரியோவை, அதாவது கருவை, வயித்துல வச்ச தேதியோட 261 நாள் கூட்டுங்க, மூணாம் நாள் எம்பிரியோன்னா 263 நாள்.

ஸ்டெப் 3: முதல் ஸ்கேனோட ஒத்துப் பாருங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப். சைக்கிள் ஒழுங்கில்லாதவங்களுக்கும் தேதியே ஞாபகம் இல்லாதவங்களுக்கும் ஸ்கேன் சொல்றதுதான் கணக்கு. முதல் மூணு மாசத்துல குழந்தையோட தலைலேர்ந்து பிட்டம் வரைக்கும் நீளம் அளப்பாங்க, ரிப்போர்ட்ல சிஆர்எல்னு இருக்கும். அந்த வயசுல எல்லாக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல வளரும், அதனால நீளத்தை வச்சே வாரத்தை சொல்லிடலாம்.

டாக்டர்கள் பரவலா பாக்குற அளவு என்னன்னா, எல்எம்பி கணக்குப்படி 9 வாரம் ஆகுறதுக்கு முன்னாடின்னா 5 நாளுக்கு மேலயும், 9லேர்ந்து 13 வாரம் 6 நாள் வரைக்கும்னா 7 நாளுக்கு மேலயும் வித்தியாசம் இருந்தா ஸ்கேன் தேதிக்கு மாத்திடுவாங்க, அதுக்குள்ள இருந்தா எல்எம்பி தேதியே நிக்கும். நம்ம உதாரணத்துல மே 12 அன்னைக்கு ஸ்கேன், எல்எம்பிப்படி சரியா 9 வாரம், ஆனா ஸ்கேன் 7 வாரம் 6 நாள்னு காட்டுது, 8 நாள் வித்தியாசம், அப்போ டியூ டேட் டிசம்பர் 23க்கு போயிடும். இனிமே மார்ச் 18தான் எல்எம்பின்னு நினைச்சு எண்ணிக்க வேண்டியதுதான்.

இப்படி ஒரு தடவை டாக்டர் முடிவு பண்ணிட்டா அதுக்கப்புறம் அந்தத் தேதி மாறாது. ஆனா ஏழாம் மாசம் ஸ்கேன் எடுத்தா அந்த ரிப்போர்ட்லயும் மெஷின் புதுசா ஒரு டியூ டேட் அடிச்சுக் குடுக்கும், அதைப் பாத்துட்டு வீட்ல எல்லாரும் தேதி மாறிடுச்சுன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. அந்த சமயத்துல ஒரு குழந்தை கொஞ்சம் பெருசா இருக்கும் இன்னொண்ணு சின்னதா இருக்கும், மெஷின் சைஸை வச்சு சொல்லுது அவ்ளோதான். வளர்ச்சி எப்படி இருக்குன்னு பாக்கத்தான் அந்த ஸ்கேன், தேதிக்கு முதல் ஸ்கேன் ரிப்போர்ட்தான், அதை ஃபைல்ல முதல் பக்கமா வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: வாரம் எண்ணுறது

டியூ டேட் என்ன கிழமையோ அதே கிழமைதான் உங்களுக்கு வாரம் மாறும். டிசம்பர் 15 திங்கள், அப்போ ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரு வாரம் முடியுது. டிசம்பர் 23ன்னா செவ்வாய். ரிப்போர்ட்ல 12+3ன்னு பாத்தா 12 வாரம் முடிஞ்சு 3 நாள்னு அர்த்தம், அதாவது நடக்குறது பதிமூணாவது வாரம். மாசக்கணக்கு கேக்குறவங்களுக்கு ஏதோ ஒண்ணு சொல்லிக்கோங்க, முடிஞ்ச மாசமா நடக்குற மாசமான்னு அவங்களுக்கே தெளிவா இருக்காது. டாக்டர்கிட்ட மட்டும் வாரமும் நாளும்தான்.

காலண்டர்ல இப்பவே குறிச்சு வைக்க வேண்டியது: குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி இருக்குற நீரோட அளவைப் பாக்குற என்டி ஸ்கேன் 11 வாரத்துலேர்ந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள, இந்த நாளை விட்டுட்டா அப்புறம் எடுக்க முடியாது. டிசம்பர் 15 டியூ டேட்னா மே 26லேர்ந்து ஜூன் 15 வரைக்கும் டைம். உறுப்புகள் எல்லாம் பாக்குற அனாமலி ஸ்கேன் 18லேர்ந்து 22 வாரம். சுகர் டெஸ்ட் பொதுவா 24லேர்ந்து 28, சிலருக்கு டாக்டர் முன்னாடியே எடுக்கச் சொல்வாங்க.

அசைவு முதல் குழந்தைக்கு 18, 20 வாரம் வாக்குல தெரிய ஆரம்பிக்கும், ரெண்டாவதுன்னா கொஞ்சம் முன்னாடியே. 28 வாரத்துக்கு அப்புறம் வழக்கமான அசைவு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே ஹாஸ்பிட்டல் போங்க. ரத்தம் பட்டாலோ தண்ணி கசிஞ்சாலோ எந்த வாரமா இருந்தாலும் அதேதான்.

37 வாரத்துலேர்ந்து எப்ப வேணா வலி வரலாம், ஹாஸ்பிட்டலுக்கு எடுத்துட்டுப் போற பையை அதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிடுங்க. டியூ டேட் அன்னைக்கே பிறக்குறது நூத்துல நாலஞ்சு குழந்தைதான். அன்னைக்கு வலி வரலேன்னா 40 தாண்டினதும் செக்கப் எப்போன்னு கேட்டுக்கோங்க, 41 வாரம் ஆனதும் வலி வரவைக்கிறதப் பத்தி டாக்டர் பேசுவாங்க.