மலிவு விமானங்களை இணைத்து அட்லாண்டிக்கைக் கடக்க: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் ஒரு பிள்ளை ஐரோப்பாவிலும் இன்னொரு பிள்ளை அமெரிக்காவிலும் இருப்பது இப்போது அரிதன்று. பெர்லினில் மகள் வீட்டில் சில வாரம் தங்கிவிட்டு, அங்கிருந்தே நியூஜெர்சிக்கு மகனைப் பார்க்கப் போகலாம் என்று ஆத்தாவும் அப்பச்சியும் நினைக்கும்போது, இரண்டு மலிவுக் கட்டண நிறுவனங்களின் விமானங்களைச் சேர்த்து ஒரே விலையாகக் காட்டும் டிக்கெட் கண்ணில் படும். அந்த விலை பொய்யன்று. ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் கிளம்பிப் போய்விட்டால் யார் பொறுப்பு என்பதை அறியாமல் அதற்குப் பணம் கட்டக் கூடாது.

திருச்சியிலிருந்து ஸ்கூட்டில் சிங்கப்பூர் சென்று, அதே டிக்கெட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்கு மாறியவர்கள், திருச்சியில் போட்ட பெட்டியைக் கடைசி ஊரில் எடுத்துப் பழகியிருப்பார்கள். அது கோட்ஷேர் உடன்பாட்டின், அதாவது ஒரு நிறுவனத்தின் விமானத்தை மற்றொன்றும் தன் எண்ணில் விற்கும் ஏற்பாட்டின், பயன். அட்லாண்டிக் பாதையிலும் அத்தகைய உடன்பாடுகள் உண்டு. அமெரிக்காவின் ஜெட்புளூவும் அயர்லாந்தின் ஏர் லிங்கஸும் பல ஆண்டுகளாக ஒன்றின் பயணியை மற்றொன்று ஏற்றுக்கொண்டு வருகின்றன. இந்த வகையில், டப்ளின் வழியாகச் செல்வதற்குக் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது: அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அந்த விமான நிலையத்திலேயே முடிந்துவிடுவதால், நியூயார்க்கில் இறங்கியபின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மலிவு நிறுவனங்களுக்கிடையே பெருகிவரும் இன்னொரு வகைதான் கவனம் கோருவது. 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மலிவுக் கட்டண நிறுவனமான ஈசிஜெட் தன் இணையதளத்தில், லண்டன் கேட்விக் நிலையத்தை மையமாக வைத்து, நார்வீஜியன், வெஸ்ட்ஜெட் விமானங்களையும் சேர்த்து விற்கத் தொடங்கியது. 2022இல் பறக்கத் தொடங்கிய நார்ஸ் அட்லாண்டிக்கும் பின்னர் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. பின்னணியில் இவற்றை இணைத்துக் கொடுப்பது ஐஸ்லாந்தைச் சேர்ந்த டோஹாப் என்ற தொழில்நுட்ப நிறுவனம். இங்கே பயணி ஒருமுறைதான் பணம் கட்டுகிறார் என்றாலும், உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளே. இணைப்பு தவறினால் வேறு விமானத்தில் இடம் தருவோம் என்ற உத்தரவாதமும் விமான நிறுவனத்தின் கடமையாக அன்றி, விற்பவர் தரும் தனி வாக்குறுதியாகவே இருக்கும். ஆகவே அந்த உத்தரவாதத்தின் நிபந்தனைகளை, குறிப்பாகத் தாமதம் ஏற்பட்டவுடன் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், இரவு தங்கும் செலவு சேருமா என்ற இரண்டையும், முழுதாகப் படித்துத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் கைபேசியில் மட்டும் இருக்கும் மின்னஞ்சல், கேட்விக்கில் நிற்கும் பெற்றோருக்கு உதவாது.

இழப்பீட்டிலும் இந்த வேறுபாடு பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் எண் விதிப்படி, ஒரே முன்பதிவில் பெர்லினிலிருந்து லண்டன் வழியாக நியூயார்க் செல்பவர், முதல் விமானத்தின் இரண்டு மணி நேரத் தாமதத்தால் இணைப்பைத் தவறவிட்டு மறுநாள் போய்ச் சேர்ந்தால், மோசமான வானிலை போன்ற அசாதாரணக் காரணம் இல்லாத நிலையில், 600 யூரோ வரை கோரலாம். அதே பயணம் இரண்டு தனி டிக்கெட்டுகளில் அமைந்தால், லண்டனுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த கணக்கு மட்டுமே எஞ்சும். இழப்பீட்டுக்கு மூன்று மணி நேரமாவது தாமதமாகியிருக்க வேண்டும் என்பதால் ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது விசா. தனித்தனி டிக்கெட் என்றால் கேட்விக்கில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். அதாவது குடியேற்ற அதிகாரியைக் கடக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவும் மறுநாள் நள்ளிரவுக்குள் புறப்படும் உறுதியான டிக்கெட்டும் உள்ள இந்தியருக்கு, பிரிட்டனில் விசா இல்லாமலே கடந்து செல்லும் சலுகை உண்டு என்றாலும், அது அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டது. ஷெங்கன் எனப்படும், பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின் நிலையத்தில் வெளியே வந்து மாற வேண்டுமானால் ஷெங்கன் விசா கட்டாயம். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்தவர்கள் திரும்பும் வழியையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வெளியே வருவதால் சுங்கச் சோதனையும் ஒன்றுக்கு இரண்டாகிறது. பிரிட்டன் இறைச்சியையும் பால் பொருள்களையும் அனுமதிப்பதில்லை. மகனுக்கென்று ஆச்சி கட்டிக்கொண்டு வந்த உப்புக்கண்டமும் பால்கோவாவும் லண்டனிலேயே குப்பைக்குப் போய்விடும். உப்புக்கண்டத்தை அமெரிக்காவும் ஏற்காது. சீப்புச்சீடை, கைமுறுக்கு போன்றவற்றுக்குத் தடையில்லை என்றாலும், அமெரிக்கச் சுங்க அதிகாரியிடம் உணவு இருப்பதைத் தெரிவித்துவிட வேண்டும்.

எடையையும் ஒரே கணக்காக எண்ணிவிடலாகாது. ஈசிஜெட்டின் அடிப்படைக் கட்டணத்தில் இருக்கைக்கு அடியில் வைக்கும் 45 x 36 x 20 செ.மீ. பை ஒன்றுக்குத்தான் அனுமதி. நார்ஸின் மிகக் குறைந்த கட்டணத்திலும் பெரிய பெட்டி சேராது. இரண்டு விமானங்களுக்கும் பெட்டிக் கட்டணத்தைக் கூட்டிய பிறகு, வழக்கமான நிறுவனம் ஒன்றின் நேரடி விமான விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சில வேளைகளில் மிச்சம் என்று எதுவும் இராது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு நான் நேரடி விமானத்தையே சொல்வேன்.

இந்தப் பாதையில் நிறுவனங்கள் திடீரென்று மூடப்படுவதும் புதிதன்று. வாவ் ஏர் 2019 மார்ச்சிலும், ஐஸ்லாந்தின் பிளே 2025 செப்டம்பரிலும் சேவையை நிறுத்தின. நார்வீஜியன் 2021 ஜனவரியில் நீண்ட தூரப் பயணங்களைக் கைவிட்டது. ஆகவே பணத்தை வங்கி மாற்றலாக அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும். சேவை கிடைக்காதபோது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோர அதில் வழியுண்டு. புறப்பட ஏழு நாளாவது இருக்கையில் விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுக்கும் அமெரிக்க டிக்கெட்டை, 24 மணி நேரத்துக்குள் பிடித்தமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையில் நிறுத்திவைக்கவோ, இரண்டில் ஒன்றுக்கு அந்நாட்டு விதி இடமளிக்கிறது. பல நிறுவனங்களின் டிக்கெட்டுகளை இடையில் நின்று விற்கும் இணையதளங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது என்பதால், அங்கே டிக்கெட் எடுப்பவர்கள் விசா, பெட்டி, உத்தரவாதம் ஆகிய மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே சரிபார்த்து முடித்திருக்க வேண்டும்.