பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டர்: திறப்பது, சரிபார்ப்பது, சரியான பார்ட் வாங்குவது

பழைய கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் பலரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள். மூடியில் இருப்பது இரண்டே கிளிப்.

பேட்டரியின் வோல்ட்டை உயர்த்தும் காயிலில் பிறக்கும் பல்லாயிரம் வோல்ட்டை, எந்த சிலிண்டருக்கு எப்போது என்று பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது இதன் தண்டு ஒரு சுற்று சுற்றும். தண்டின் மேலுள்ள மேடுகள் கொண்ட கேம், பாயிண்டை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) திறக்கிற அந்தக் கணத்தில் பிளக்கில் பொறி விழும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக்கில் வந்த முறை இது. 1960-களின் எம்ஜிபி போன்ற பல பிரிட்டிஷ் கார்களில் இருக்கும் லூகாஸ் நிறுவனத்தின் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றில் அளவுகள் மாறும், செய்முறை கிட்டத்தட்ட இதேதான்.

தொடுவதற்கு முன்

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். (பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம், அப்படியானால் பாடியோடு சேர்ந்த வயரைக் கழற்றுங்கள்.) பிளக் வயர் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேப், ரோட்டர்

மூடிதான் கேப். அதன் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் அந்த வழியே கசிகிறது என்று அர்த்தம். துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டியதுதான். நடுவிலுள்ள கார்பன் பிரஷ்ஷை விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

கேப்புக்குள் தண்டோடு சுற்றி, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக் வயருக்கும் கடத்துவது ரோட்டர். அதில் நான் பட்ட பாடு உண்டு. நன்றாக ஓடிய காருக்கு 'எல்லாம் புதிதாக இருக்கட்டும்' என்று ரோட்டரும் மாற்றினேன். அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் எஞ்சின் நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும். காயில், பெட்ரோல் பம்ப் என்று இரண்டு நாள் தேடிவிட்டு, ரோட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுக்கு நேர் கீழே, ஊசி குத்தியது போல ஒரு கரும்புள்ளி. ரிவெட் ஆழமாக இறங்கியதால், பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்துத் தண்டுக்குப் பாய்ந்திருக்கிறது. பழைய ரோட்டரைப் போட்டதும் கார் பழையபடி ஓடியது. புதிய பார்ட் நன்றாக ஓடிக் காட்டும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ரோட்டர் வாங்கும்போது ரிவெட் இல்லாத வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பாயிண்ட்

பொறுமை வேண்டிய வேலை இதுதான். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, பாயிண்டின் ஃபைபர் குதிகால் கேமின் உச்சியில் ஏறி நிற்கும்வரை சுற்றுங்கள். இப்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்குரூவைக் கொஞ்சமே தளர்த்தி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான உராய்வோடு வழுக்கிப் போகும்படி வைத்து இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், அதனால் மறுபடி அளந்து பாருங்கள். கேஜில் எண்ணெய் இருந்தால் அது பாயிண்டில் ஒட்டிக் கருகும், முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் தவறுவது வயர் மாட்டும் இடத்தில். பாயிண்டின் ஸ்பிரிங் மாட்டும் சிறிய கம்பம் எர்த்தோடு சேர்ந்தது. கண்டென்சர் (பாயிண்டில் பொறி அடிப்பதைக் குறைக்கும் சிறு உருளை) வயர், காயில் வயர் இரண்டின் முனைகளும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், கம்பத்தையோ நட்டையோ தொடக் கூடாது. நடுவில் வரும் பிளாஸ்டிக் புஷ் அதற்காகத்தான். அதை மாற்றிப் போட்டால் எவ்வளவு கிராங்க் செய்தாலும் பொறி வராது.

அப்புறம் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது பாயிண்ட் இடைவெளி கூடிக் குறைந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் டைமிங் (பொறி விழும் நேரம்) நிலைக்காது.

எண்ணெய், வேக்குவம், டைமிங்

கேமில் கிரீஸை ஒரு பூச்சு தடவுங்கள், அவ்வளவு போதும். ரோட்டரைக் கழற்றினால் தெரியும் ஸ்குரூவின் மேல் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில், வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்ற உள்ளேயிருக்கும் எடைக்கட்டைகளுக்கு இன்னும் சில சொட்டு. எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வேக்குவம் யூனிட்டின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பாயிண்ட் இருக்கும் உள்தட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் அந்த யூனிட்டின் சவ்வு (டயாஃப்ரம்) நல்லது, மெல்லத் திரும்பினால் கிழிந்திருக்கிறது. பாயிண்ட் இடைவெளி மாறினாலே டைமிங்கும் மாறும், எனவே டைமிங் எப்போதும் கடைசி வேலை.

பார்ட் வாங்குவது

காரின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலுக்குள்ளேயே டிஸ்ட்ரிபியூட்டர் மாறியிருக்கும், முந்தைய உரிமையாளர் வேறொன்றை மாட்டியும் இருக்கலாம். லூகாஸில் உடலின் பக்கவாட்டில் வகையும் எண்ணும் குத்தியிருக்கும். பாஷ் நிறுவனத்தது என்றால் 0 231 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். தூசியைத் துடைத்து அதைக் குறித்துக்கொண்டு பிறகு தேடுங்கள்.

அந்தக் காலத்திலேயே செய்து பயன்படுத்தாமல் பெட்டியில் கிடக்கும் பழைய சரக்கு இன்றும் கிடைக்கிறது. கேப், ரோட்டர், துருப்பிடிக்காத பாயிண்ட் என்றால் தைரியமாக வாங்கலாம். கண்டென்சர் மட்டும் வேண்டாம், ஓடாமல் கிடந்தாலும் அதன் உள்காப்பு வயதாகிக் கெடும். புதிதாகச் செய்ததை வாங்கி, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் பாருங்கள், ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். வண்டியில் போட்ட பிறகு பாயிண்டில் நீலப் பொறி பளிச் பளிச்சென்று அடித்தால் கண்டென்சரைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

மாற்றும்போது ஒரு நாளில் ஒரு பார்ட் மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பழைய பார்ட்டுகளை, ஓடிக்கொண்டிருந்தவையாக இருந்தால், ஒரு தகரப் பெட்டியில் ஃபீலர் கேஜோடு போட்டு டிக்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.